தட்டைத் திருப்பினானா இல்லியா

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா, நாளைக்கு நான் திங்கிற மீன்ல முள்ளு மட்டும் இருக்கட்டும், மீனு இருக்க வேண்டாம். அம்புட்டு சத்தியம். தார்சியூஸ் மனசுக்குள்ள ஓடுனது ஒனக்கு எப்படிவே தெரியும்னு மட்டும் கேக்கப்படாது. அவனே என்கிட்ட மூணு தடவை சொல்லிட்டான். மூணு தடவையும் ஒரே இடத்துலதான் தொண்டை அடச்சிச்சு. பொய் சொல்லுதவனுக்கு எடம் மாறி மாறித்தான் அடைக்கும், பாத்துக்கிடுங்க.

சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. அமெரிக்காவுல, ஹூஸ்டன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடை. நம்ம பலசரக்குக் கடைல உளுந்து, துவரம்பருப்புன்னு அடுக்கி வச்சிருக்க மாதிரி அங்க தோட்டா அடுக்கி வச்சிருக்கான், அதுக்கு நடுவுல நிக்கான் தார்சி, முன்னால மேசைல ரெண்டு மெஷினு. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துப் பய, கப்பல்ல பிட்டரா இருந்தவன், பொண்டாட்டி பிலோமி நர்ஸு, அவ வேலைக்கு வந்த சீட்டுல இவனும் தொத்திக்கிட்டு வந்து இங்க டயர் கடைல போல்ட்டு முடுக்குதான். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துற எடத்துல ரெண்டு தடவை ஒருத்தன் பிலோமிக்குப் பின்னாலயே வந்திருக்கான், அதுல இருந்து அவ துப்பாக்கி வாங்கி சுடப் படிச்சா, படிச்சவ சும்மா படிச்சாளா, இவனை விட நல்லா சுடுதா, ஊசி குத்துற கையில்லா. இன்னைக்கு அவளுக்கு லைசென்ஸ் பரீச்சை. பதினோரு மணிக்கு அம்பது தோட்டா சுட்டுக் காட்டணும். தோட்டா விக்கிற வெலைக்கு அதை சுட்டுப் பழகுறதும் தங்கத்த அரச்சுப் பல்லு வெளக்குறதும் ஒண்ணு, அதனால சுட்டு முடிச்ச வெத்துக் கூட்டைப் பொறுக்கி, வீட்லயே மறுபடி மருந்து போட்டு, குண்டை வச்சு அமுக்கி எடுக்கிற மெஷினு ஒண்ணு வாங்கிரணும்னு ஆறு மாசமா இவனுக்கு அரிப்பு. அமெரிக்காவுல அது சகஜம், நம்ம வீட்ல மாவாட்டுற மாதிரி. எது வாங்கன்னுதான் இப்ப நிக்கான். இடது பக்கம் இருக்கது மலிவு. வலது பக்கம் இருக்கது கொஞ்சம் கூட. ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும்னு கடைக்காரக் கெழவர் சொல்லுதாரு, வெர்ன்னு சட்டைல பேரு குத்திருக்காரு. ஒரு வட்டத் தட்டு, தட்டுல நாலு கூடு நிக்கும், கைப்பிடிய ஒரு இழு இழுத்தா ஒண்ணுக்கு அடில பொறி தட்டுற கேப்பு ஏறும், அடுத்ததுல மருந்து விழும், அடுத்ததுல குண்டு உக்காரும், கடைசிக் கூட்டு வாயைக் கவ்வி இறுக்கும். அப்புறம் தட்டு ஒரு எட்டு திரும்பணும். வெல கூடுனதுல தட்டு தானா திரும்பும். மலிவானதுல நீதான் கையால திருப்பணும். இவ்வளவுதான் வித்தியாசம்னுட்டு கெழவர் மூக்கைத் தேய்ச்சாரு. தார்சிக்கு மனசு மலிவுப் பக்கம் சாயுது. அதே மாதிரிதான் ஒண்ணை டயர் கடைல கூட வேலை பாக்க ராமிரோகிட்ட ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வீட்டு ஷெட்டுல பூட்டிருக்கான், நல்லாத்தான் ஓடுது, கப்பல் என்ஜினையே திருப்புனவனுக்கு ஒரு தட்டைத் திருப்பத் தெரியாதா. அப்பதான் கெழவர் போற போக்குல ஒரு வார்த்தை சொன்னாரு. கையால திருப்புறதுல ஒரே ஒரு சங்கதி, நடுவுல ஏதாவது கவனம் தப்புச்சுன்னா திருப்பினமா இல்லியான்னு தெரியாது, திருப்பாம இழுத்துட்டா ஒரே கூட்டுக்குள்ள ரெண்டு தரம் மருந்து விழுந்துரும். விழுந்தான்னு இவன் கேட்டான். கெழவர் வாயால சொல்லல. கைய மூடி, தார்சி மூஞ்சிக்கு நேரா, அஞ்சு வெரலையும் பட்டுன்னு விரிச்சுக் காட்டிட்டு, அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு.

அந்த விரிஞ்ச அஞ்சு வெரலு அங்கனயே நிக்குது. கெழவர் போயிட்டாரு, கை போகல. காலைல எட்டு மணிக்கு, ஷெட்டுல, இருவதோ இருவத்தொண்ணோ போட்டிருப்பான், அம்மா வீடியோ கால் போட்டா. மெஷின்ல கை வச்சா போன்ல கை வைக்கப்படாதுன்னு பிலோமி சத்தியம் வாங்கிருக்கா, வாங்கிருக்காதான், ஆனா அம்மா, அதுவும் ஊர்த் திருவிழா ஏழாம் நாளு, அங்க சாயங்காலம், கோயிலுக்குள்ள நற்கருணை ஆசீரு, ஏலே மக்கா பாருன்னு போனைத் தூக்கிப் பிடிச்சு அம்மா காட்டுதா, எடுக்காம இருக்க முடியுமா. எடுத்தான். போனை மருந்து டப்பா மேல சாச்சு வச்சான், ஒரு கண்ணு பீடத்துல, ஒரு கண்ணு மெஷின்ல, இழு, திருப்பு, இழு, திருப்பு, சாம்பிராணிப் பொகை இங்க வரைக்கும் வந்த மாதிரி ஒரு வாசனை, சாமியாரு நற்கருணை அப்பம் வச்ச கதிர்ப் பாத்திரத்தைத் தூக்குனாரு, மணி அடிச்சிச்சு. மணி அடிச்சா மண்டி போடணும். அது இவனுக்கு மூளைல இல்ல, முட்டுல இருக்கு, நாலு வயசுல அப்பச்சி பெடரில போட்டு அமுக்குன எடம். கைப்பிடிய விட்டான், சிமெண்டுத் தரைல மண்டி போட்டான், நெத்திக்கும் நெஞ்சுக்கும் சிலுவை போட்டான், மூணு தரம் மணி அடிச்சு முடிஞ்சதும் எந்திரிச்சான், கைப்பிடியப் பிடிச்சான், இழுத்தான். இதுவரைக்கும் தெளிவா இருக்கு, தண்ணி மாதிரி. மண்டி போடுறதுக்கு முந்தி தட்டைத் திருப்பினானா? திருப்பியிருப்பான். இழுத்ததும் திருப்புறதுதான பழக்கம். ஆனா இழுத்து முடிக்கும்போதே மணி அடிச்சிச்சே. இழுத்து முடிக்கும்போதா, திருப்பி முடிக்கும்போதா? கட்டை வெரலு தட்டோட ஓரத்துல பட்ட குளிர்ச்சி ஞாவகம் இருக்கு. இருக்கு, ஆனா அது எந்தத் திருப்பு, அதுக்கு முந்துன திருப்பா, அதுக்குப் பிந்துன திருப்பா, அம்பது தடவை பட்ட குளிர்ச்சில இது எந்தக் குளிர்ச்சின்னு கட்டை வெரலைப் போயி கேக்க முடியுமா. கடைக்கு நடுவுல நின்னுக்கிட்டு கண்ணை மூடி, இல்லாத கைப்பிடிய இழுத்துப் பாக்கான். இழுத்தேன். மணி. முட்டு. இல்ல, இழுத்தேன், திருப்புனேன், மணி, முட்டு. ரெண்டும் ஒண்ணுபோலத்தான் வருது. பக்கத்துல ஒரு மீசைக்காரன் இவன் காத்துல கை ஆட்டுறதைப் பாத்துட்டு ஒரு அடி தள்ளி நின்னான். துப்பாக்கிக் கடைல வந்து தள்ளி நிக்கணும்னா எம்புட்டு மோசமா ஆட்டிருப்பான் பாத்துக்கிடுங்க.

சரி, விழுந்தா விழுந்துட்டுப் போகுது, தோட்டா எங்கயோ டப்பால கெடந்தா உண்டு இல்லன்னு பண்ணிரலாம். அது கெடக்கது பிலோமி பையில. அங்கதான் இந்தக் கூமுட்டை செஞ்ச காரியம் இருக்கு. நீங்க போடுறத பழகுறதுக்கு வேணா ஒரு நாளு பாப்போம், பரீச்சைக்கு கடைத் தோட்டாதான், அங்க வீட்ல போட்டது செல்லாதுன்னு ரூலு வேற இருக்குன்னு அவ பத்து நாளா சொல்லிட்டுக் கெடக்கா. இவன் என்ன பண்ணுனான்னா, அவ குளிக்கப் போன நேரம் பாத்து, அவ வாங்கி வச்சிருந்த டப்பாவத் தொறந்து, அசல் அம்பதையும் எடுத்துட்டு, அந்தக் குழியில தான் போட்ட அம்பதையும் சொருகி, டப்பாவ மூடி, பழையபடி பைக்குள்ள வச்சிட்டான். எதுக்கு? ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போது, இல்லாத மீசைய முறுக்கிக்கிட்டு, ஏ புள்ள, நீ பாஸ் பண்ணுனது யாரு போட்ட தோட்டாவுல தெரியுமான்னு ஒரு கேள்வி கேக்கணும். அந்த ஒரு கேள்விக்காக. அந்தக் கேள்விக்கு அவ மூஞ்சி போற போக்கையும், அதுக்கப்புறம் மெஷினு வேண்டாம்னு சொல்ல அவ வாயே தொறக்க முடியாம இருக்கப் போறதையும் காலைல இருந்து எட்டு தரம் நெனச்சுச் சிரிச்சிருக்கான். இப்ப அந்த அசல் அம்பதும் வெளிய கார்ல, சீட்டுக்கு அடில, துணி சுத்திக் கெடக்கு. இவனோட அம்பதும் ஊருக்கு அந்தக் கோடில, அவ கைல.

கைன்னு நெனச்ச உடனே வேற எல்லாம் போயிருச்சு, கையி மட்டும் நிக்குது. பிலோமி கையி பெரிய அழகு ஒண்ணுமில்ல. சோப்பு போட்டுப் போட்டு தோலு வெளுத்து, நெகத்தை ஒட்ட வெட்டி, வெரலு நுனியெல்லாம் காஞ்ச மீனு மாதிரி இருக்கும். ஆனா நரம்பு தட்டுப்படாத கெழவிக்கெல்லாம், மூணு நர்ஸு குத்திக் குத்திப் புண்ணாக்கி வச்ச பொறவு, இவளைத்தான் கூப்புடுவாங்களாம், ரெண்டு வெரலால தடவி, கண்ணை வேற எங்கயோ வச்சிக்கிட்டு, ஒரே குத்து. அந்த ரெண்டு வெரலு. கல்யாணமான புதுசுல கப்பல்ல இருந்து வந்தவனுக்கு முதுகுல இரும்புத் துணுக்கு ஏறிக் கெடந்துச்சு, டாக்டர் வேண்டாம் திரும்புங்கன்னுட்டு அவளே எடுத்தா, எடுத்த பொறவுதான் இவனுக்கு எடுத்ததே தெரியும். அந்தக் கைய எடுத்துக்கிட்டுப் போயி ரெண்டு தரம் மருந்து விழுந்த ஒரு கூட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கான். அம்பதுல ஒண்ணு. அது எத்தனாவதா வரும்? முதல்லயே வருமா, கடைசியா வருமா, அம்பதாவதா இருந்தா அதுக்குள்ள யாராவது ஏதாவது சொல்லி நிறுத்திர மாட்டாங்களா. யாரு சொல்லுவா. தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்.

போனை எடுத்தான். வகுப்பு நேரம், போனெல்லாம் அலமாரில போட்டுப் பூட்டிருப்பாங்க, பதினோரு மணிக்கு சுடப் போறதுக்கு முந்தி ஒரு தடவை எடுத்துப் பாப்பா, பாக்கும்போது கண்ணுல படுற மாதிரி ஒரு மெசேஜ் போட்டு வச்சிட்டா முடிஞ்சிச்சு. பிலோமி அந்த டப்பாவ சுடாதன்னு தட்டுனான். சுடாதன்னா ஏன்னு கேப்பா. அழிச்சான். பிலோமி அந்தத் தோட்டாக் கம்பெனிக்காரன் சரக்கு சரியில்லன்னு எல்லாத்தையும் திரும்ப வாங்குதானாம், இப்பதான் கடைல சொன்னாங்கன்னு தட்டுனான். ஆகா. இது நல்லா இருக்கு. எவனுக்கும் குத்தமில்ல, கம்பெனிக்காரன் தலைல போயிரும். ஒரு கமா வச்சு ஒடனே அங்க ஒண்ணு வாங்கிக்கோன்னு சேத்தான். அனுப்பப் போன வெரலு அந்தரத்துல நிக்குது. திரும்பக் குடுக்கணும்னு அவ அந்த டப்பாவக் கொண்டுபோயி அங்க இருக்கவன்கிட்டக் காட்டுனா? அவன் தொறந்து பாத்து, அம்மா இது வீட்ல போட்டதுல்லான்னு சொன்னா? பரீச்சைல ஏமாத்த வந்தவன்னு வெளிய அனுப்பிட்டா? அழிச்சான். பிலோமி ஒரு சின்ன விசயம்னு தட்டுனான். சின்ன விசயமான்னு அவனுக்கே கேட்டுச்சு. அழிச்சான். கோச்சுக்காதன்னு ஆரம்பிச்சான். கோச்சுக்காதன்னு ஆரம்பிச்ச எந்த மெசேஜும் ஒலகத்துல நல்லா முடிஞ்சதில்ல. அழிச்சான். அம்மா போன் பண்ணுனான்னு ஆரம்பிச்சு, அம்மாவை எதுக்கு இதுல இழுக்கன்னு அதையும் அழிச்சான். மணி பத்து பத்து.

போன வருசம் செத்துப்போன மிக்கேல் சித்தப்பா இங்க எதுக்கு வாராருன்னு தெரியல, வந்து நிக்காரு, கடைக்குள்ள, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. ஊர்ல அப்ப கள்ளத்தனமா தோட்டா போட்டு மீன் பிடிப்பாங்க. தோட்டான்னா அது வேற தோட்டா, திரியப் பத்த வச்சு கடல்ல எறியணும், எறிஞ்ச உடனே கடலே வயித்து வலி வந்த மாதிரி ஒரு புரட்டு புரட்டும், மீனெல்லாம் வயிறு வெள்ளையா மெதக்கும். சித்தப்பா அதுல கில்லாடி. ஒரு நாளு பத்த வச்சாரு, பொகையக் காணும். பத்திருச்சா, பத்தலியா? கூட இருந்தவன் எறியும்வே எறியும்வேன்னு கத்திருக்கான். பத்தாத தோட்டாவ எறிஞ்சா வீணால்லா போகும்னு இவரு கண்ணு பக்கத்துல கொண்டுவந்து பாத்தாராம். பத்திருந்துச்சு. அதுக்கப்புறம் கோயில்ல நன்மை, அதான் நற்கருணை அப்பம், வாங்க வரிசைல நிப்பாரு, எல்லாரும் கைய நீட்டுவாங்க, இவரு நாக்கை நீட்டுவாரு. சின்னப் பயலுவ நாங்கெல்லாம் அதைப் பாத்துச் சிரிப்போம். தார்சியும் சிரிச்சிருக்கான். இப்ப அந்த மொழங்கை முண்டு, தோலு இழுத்துச் சுருக்கிக் கட்டுன பை மாதிரி, அது வந்து பிலோமி மஞ்சச் சட்டைக் கைக்குள்ள நுழையப் பாக்குது. சீ போங்க சித்தப்பான்னு தலைய ஆட்டுனான். சித்தப்பாவை அடிச்சது தோட்டா இல்ல. பத்திருச்சா பத்தலியான்னு பாத்துக்கிட்டே நின்னாருல்ல, அந்த நிப்பு. அதைத் தெரிஞ்சும் இவன் நிக்கான்.

கார எடுத்துட்டுப் போயிரலாம். இங்க இருந்து நாப்பது நிமிசம். பத்தேகால்னா போயி எறங்க அஞ்சு கொறைய பதினொண்ணு, சரியா இருக்கும், அசல் டப்பாவக் கைல குடுத்து, இந்தா புள்ள மாத்தி எடுத்துட்டு வந்துட்டன்னு ஒரு சிரிப்பு சிரிச்சா முடிஞ்சிச்சு, அப்படியே செய்வோம்னு முடிவு பண்ணி, வாசலுக்கு நாலு அடி போட்டு, சாலைல வேலை நடக்கேன்னு ஞாவகம் வந்து நின்னு, நின்ன எடத்துல ஒருவேள திருப்பிருந்தா இந்த ஓட்டமெல்லாம் எதுக்குன்னு ஒரு நெனப்பு வந்து, திருப்புனேன்ல, திருப்பித்தான இருப்பேன்னு மறுபடி கண்ணை மூடி காத்துல ஒரு இழுப்பு இழுத்துப் பாத்து, கண்ணைத் தொறந்தா பத்து இருவத்தேழு. இனிமே போயிப் பிரயோசனமில்ல. பாத்தியளா, ஒரு மனுசன் ஒரு அடி நகராமலே ஒரு வழிய எப்படி அடைக்கான்னு. நெஞ்சுக்குள்ள ஒரு பக்கம் அப்பாடான்னு இருக்கு, அந்த அப்பாடாதான் இவனை ரொம்ப பயமுறுத்திட்டு.

கெழவர் திரும்பி வந்தாரு. என்ன, எதை எடுக்கன்னு கேட்டாரு. தார்சி மெஷினப் பாக்காம கெழவரைப் பாத்து, ரெண்டு தரம் மருந்து விழுந்த தோட்டாவ வெளிய இருந்து பாத்தா தெரியுமான்னு தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல கேட்டான். தெரியாதுன்னாரு. ஆட்டிப் பாத்தா? ம்கூம். எடை போட்டுப் பாத்தா? கூடே ஒண்ணுக்கொண்ணு எடை மாறும், நம்ப முடியாது, ஒடச்சுத்தான் பாக்கணும்னுட்டு பின்னால தொங்குன ஒரு பிளாஸ்டிக் சுத்தியல எடுத்துக் காட்டுனாரு. தோட்டாவ இதுக்குள்ள கவ்வ வச்சு ஒரு தட்டு தட்டுனா குண்டும் மருந்தும் தனியா வந்துரும். அப்புறம் குரலு மாறிச்சு. கண்ணாடிய எறக்கிட்டு, ஒன்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னான். இருக்கும்போல இருக்கேன்னாரு. சும்மா கேட்டேன்னான். இருந்தா அது இப்ப எங்க இருக்குன்னு கேட்டாரு. வீட்லதான், பத்திரமா இருக்குன்னான். மூணு தடவை. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவனுக்கு பைபிள்ல மூணு தடவை மறுதலிச்சா எந்தச் சேவலு கூவும்னு தெரியாதா. கூவல. கடைக்குள்ள ஏசி சத்தம் மட்டும்தான். கெழவர் ரெண்டு கையையும் மேசைல வச்சுக்கிட்டு நின்னாரு. அப்பதான் தார்சி பாத்தான், அந்த வலது கைல சுண்டு வெரலும் அதுக்கு அடுத்த வெரலும் பாதிதான் இருக்கு. அது எதுல போச்சோ. மரம் அறுக்கும்போது போயிருக்கலாம், பொறந்ததுல இருந்தே இல்லாம இருந்திருக்கலாம். அப்ப இவனுக்கு விரிச்சுக் காட்டுன அஞ்சு? அஞ்சு எங்க விரிச்சாரு, மூணு முழுசும் ரெண்டு பாதியும்தான விரிச்சாரு. இவ்வளவு நேரமா மனசுல நின்னதே அஞ்சு. கண்ணு முன்னால பாத்த கையவே மாத்திச் சொல்லுத மனசு, தட்டைத் திருப்புனேன்னு சொன்னா அதை எவன் நம்புவான்.

மறுபடி போனை எடுத்து ரெண்டு தரம் தட்டுனான், ரெண்டு தரம் அழிச்சான். பத்து நாப்பத்தாறு. வெரலு வேர்த்து கண்ணாடி வழுக்குது. வாயில கப்பல் என்ஜின் ரூம்ல வர்ற அந்த டீசல் கசப்பு. பொறவு என்ன நெனச்சானோ, ஒண்ணுமே நெனைக்கலன்னுதான் சொல்லுதான், மெசேஜ விட்டுட்டு சுடுற எடத்து ஆபீஸுக்கே போன் போட்டான். ஒரு பொண்ணு எடுத்துச்சு. பிலோமினான்னு ஒரு பொம்பள, மஞ்சச் சட்டை, என் பொண்டாட்டி, அவளை சுட விடாதீங்க, அவ பைல இருக்கது என் தோட்டா, நான் போட்டது, கெட்டதுன்னு இங்கிலீசை ஒடச்சு ஒடச்சு எறிஞ்சான். கேட்டுக்கிட்டு நின்ன கெழவர் தலைய மட்டும் ஆட்டுனாரு. அந்தப் பொண்ணு ஒரு நிமிசம்னுட்டு, அவங்க இங்க என் முன்னாலதான் உக்காந்திருக்காங்கன்னு சொல்லி போனைக் குடுத்துருச்சு.

"சொல்லுங்க," ன்னா பிலோமி.

"அந்த டப்பாவத் தொடாத. அது நான் போட்டது. அம்மா போன்ல ஆசீர் காட்டுனா, மணி அடிச்சிச்சு, மண்டி போட்டுட்டேன். தட்டைத் திருப்பினேனா இல்லியான்னு தெரியல. ரெண்டு தரம் மருந்து விழுந்திருக்கும். நான்தான் மாத்தி வச்சேன், பிலோமி."

அவளுக்குப் பின்னால எங்கயோ டுப்பு டுப்புன்னு யாரோ சுடுத சத்தம்.

"வகுப்பு சீக்கிரமே விட்டுட்டாங்க, ஒம்பதே முக்காலுக்கு டப்பாவத் தொறந்தேன்," ன்னா. "தோட்டாவோட அடில நாலு வேற வேற கம்பெனி எழுத்து இருக்கு. ஊசி மருந்துக் குப்பில ஒரு பேரும் அட்டைல ஒரு பேரும் இருந்தா நான் யாருக்காவது குத்துவனா? அப்பவே மூடி இந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு இங்கயே வேற வாங்கிட்டேன்."

தார்சி மேசையப் பிடிச்சுக்கிட்டான். மாதாவே, மாதாவேன்னு வாய்க்குள்ள ஓடுது. அவ கையி இருக்கு, ரெண்டு கையும் இருக்கு, பத்து வெரலும் இருக்கு. நீ ஏன் புள்ள எனக்கு போன் போடலன்னு கேட்டான். அந்தச் சந்தோசத்துல கேட்டுட்டான், கேட்டிருக்கப்படாது.

"போடத்தான் எடுத்தேன். எடுத்தா நீங்க டைப் பண்ணுதியன்னு காட்டுது. சரி, மனுசன் சொல்ல வாராருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நின்னு போச்சு. மறுபடி வந்துச்சு. நின்னு போச்சு. ஏழு தடவை. முக்கா மணி நேரமா இந்த நாற்காலில உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவன் பிலோமின்னு ஆரம்பிச்சான்.

"நான் கைல அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே ஏழு தடவை அழிச்சிய," ன்னா. "வையுங்க. எனக்குப் பரீச்சை இருக்கு."

இந்த எடத்துலதான் அவனுக்குத் தொண்டை அடைக்கும். மூணு தடவையும் இங்கதான்.

போனை வச்சிட்டு நின்னவன்கிட்ட கெழவர் ரெண்டு மெஷினையும் காட்டி, எதுன்னு புருவத்தைத் தூக்குனாரு. இவன் அந்தப் பிளாஸ்டிக் சுத்தியல மட்டும் வாங்கிட்டு வந்தான். பிலோமி பாஸ் ஆயிட்டா. ஆனா எப்பவும் நடு வட்டத்துலயே குத்துறவ, அன்னைக்கு ஓரத்துல ஓரத்துலயா குத்திருக்கா. சுட்ட அந்தக் குறி அட்டைய வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜு கதவுல ஒட்டிட்டா. பாலு எடுக்க, மொளகா எடுக்க, எதுக்கு இவன் பிரிட்ஜைத் தொறந்தாலும் அந்த ஓட்டையெல்லாம் இவனைப் பாக்குது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, அடுப்படி மேசைல ரெண்டு பேரும் உக்காந்து, அவ திரும்ப வாங்கிட்டு வந்திருந்த அம்பதையும் ஒடச்சாங்க. இவன் தட்டுவான், அவ மருந்தைச் சின்னத் தராசுல போட்டுப் பாப்பா. டொக்கு, எடை, டொக்கு, எடை. அம்பதும் ஒடச்சு முடிச்சா, அம்பதும் சரி. ஒண்ணுல கூட ஒரு துளி கூடவுமில்ல, கொறையவுமில்ல. மண்டி போடுறதுக்கு முந்தி தட்டைத் திருப்பித்தான் இருக்கான். இந்த மடையனுக்குச் சந்தோசம் தாங்கல, பாத்தியா, பாத்தியா, ஒண்ணாவது தப்பு இருக்கான்னு துள்ளுதான்.

"தோட்டாவ நான் எப்ப குத்தம் சொன்னேன்," ன்னு சொல்லிட்டு, சிந்துன மருந்தை ஈரத் துணியால தொடச்சா.

அடுத்த சனிக்கிழமை அவளே கடைக்குப் போனா. இவன் பின்னால பை தூக்கிக்கிட்டு நின்னான். ஆஸ்பத்திரில புது சாமானு வந்தா கேக்க மாதிரிதான் கெழவர்கிட்டக் கேட்டாளாம், ஏதாவது தப்பா போச்சுன்னா இது சத்தம் போடுமா? கெழவரு ரெண்டு மெஷினையும் ஒதுக்கி வச்சிட்டு உள்ள போயி மூணாவதா ஒண்ணு கொண்டுவந்தாரு. கூட்டுக்குள்ள மருந்து கூடுனாலும் கொறஞ்சாலும் கீச்சுன்னு கத்துற சின்ன டப்பா ஒண்ணு அதுல மாட்டிருக்கு. இவன் விலையப் பாத்துட்டு, மலிவா ஒண்ணு எடுப்போம்னுதான வந்தோம்னு முனங்கிருக்கான். அவ பையத் தொறந்துக்கிட்டே சொன்னாளாம், இதையே எடுப்போம், கத்துற பேசண்டுகிட்ட நாங்க நடந்துதான் போவோம், சத்தமில்லாத கட்டிலுக்குத்தான் ஓடுவோம், வீட்ல ஒண்ணாவது வாயத் தொறந்து சொல்லட்டும்.

அவ்வளவுதான். வாயத் தொறந்து முழுசா ஒருத்தன் சொன்னாம்லா, நான்? தொண்டை காஞ்சு போச்சு. கேட்டுட்டு நைசா வேட்டியத் தட்டிக்கிட்டு எந்திரிக்கப் பாக்காதிய. கதைக்குக் கூலி, ஆளுக்கு கால் கிலோ மக்ரூன் மிட்டாய். ஒடஞ்ச தூள அள்ளிக் கட்டிக் குடுத்தா வாங்க மாட்டேன், எடை போடும்போது நானே பக்கத்துல நிப்பேன்.